ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு விதமா கோடு

எனக்கு இடது கண் வலது கண்ணை விடச் சின்னது. பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல, 2 மில்லிமீட்டர் இருக்கும், ஆனா கண்ணுல 2 மில்லிமீட்டர்ங்கிறது கொஞ்சம் இல்லைங்க, ஏன்னா கண்ணை நல்லா திறந்து வெச்சாலே மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவுல இருக்கிற இடம் சுமாரா 10 மில்லிமீட்டர்தான், அதுல 2 குறைஞ்சா அஞ்சுல ஒரு பங்கு போயிடுது. ஸ்கூல் குரூப் போட்டோல எல்லாரும் முழிச்சிட்டு நிப்பாங்க, நான் மட்டும் ஒரு பக்கம் தூக்கத்துல இருக்கிற மாதிரி இருப்பேன். "ராத்திரி சரியா தூங்கலையா"ன்னு டீச்சருங்க கேப்பாங்க. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல யாராவது ஒரு பாட்டி என் தாடையைப் பிடிச்சு முகத்தைத் திருப்பிப் பார்த்துட்டு "அப்படியே தாத்தா கண்ணு"ன்னுவாங்க. அப்பாவோட அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்.

ஆறு வயசுல அம்மா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மேல் இமையைத் தூக்குறதுக்குன்னே ஒரு தசை இருக்கு, அது இவளுக்கு இடது பக்கம் கொஞ்சம் பலம் கம்மி, பாப்பாவை மறைக்கல அதனால பார்வைக்கு ஆபத்து இல்ல, ஆபரேஷன் தேவையில்ல, வருஷா வருஷம் வந்து காட்டுங்கன்னு அவர் சொன்னாராம். பாப்பான்னா கண்ணு நடுவுல இருக்கிற கருப்பு வட்டம். அதை இமை மறைச்சிட்டா சின்னக் குழந்தைங்களுக்கு அந்தக் கண்ணுல பார்வையே சரியா வளராமப் போயிடும், அதனால உங்க வீட்டுக் குழந்தைக்கு இப்படி இருந்தா மேக்கப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. எனக்கு அந்தக் கவலை இல்லாததால இது வெறும் தோற்றத்தோட நின்னுச்சு. ஆனா பத்து வயசுப் பொண்ணுக்கு அதுவே எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த வயசைத் தாண்டினவங்களுக்குத் தெரியும்.

நான் கும்பகோணத்துல பரதநாட்டியம் கத்துக்கிட்டேன். சலங்கை பூஜை அன்னைக்குத்தான் முதல் தடவை முழு மேக்கப். டான்ஸ் புரோகிராம்னா ஒரு மேக்கப் மாமா வருவார் இல்லையா, வெள்ளை வேட்டி, கையில ஒரு பழைய தகரப் பெட்டி, அதுக்குள்ள பேன்கேக், ரூஜ், கருப்பு மை, ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசா நாலஞ்சு ப்ரஷ். காலையில அஞ்சு மணிக்கே எங்களை வரிசையா தரையில உக்கார வெச்சு ஒவ்வொருத்தரா முடிச்சிட்டு வந்தார். மத்த பிள்ளைங்களுக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம். என் முறை வந்ததும் ப்ரஷ்ஷைக் கீழ வெச்சிட்டு, "நேரா என்னைப் பாரு பாப்பா, சிரி, இப்போ சிரிக்காத, இப்போ மேல பாரு"ன்னு கொஞ்ச நேரம் சும்மா பார்த்துட்டே இருந்தார். எனக்கு அழுகையே வந்துடுச்சு, கண்ணைப் பத்தி ஏதோ சொல்லப் போறார்னு நெனச்சேன். அவர் ஒண்ணும் சொல்லல. வலது கண்ணுக்கு இமை முடியோட வேரை ஒட்டி நூல் மாதிரி ஒரு கோடு. இடது கண்ணுக்குக் கருவிழிக்கு நேர் மேல கோட்டை நல்லா தடிமனாக்கி, ரெண்டு ஓரத்துக்கும் போகப் போக மெல்லிசாக்கினார். கீழ்க் கோட்டையும் வலது பக்கம் இமையை ஒட்டியே போட்டுட்டு, இடது பக்கம் ஒரு நெல்லு அளவு கீழ இறக்கிப் போட்டார். அப்புறம் மேல் கோட்டையும் கீழ் கோட்டையும் காது பக்கமா இழுத்து விட்டார், ஆனா ரெண்டையும் சேர்க்கல, நடுவுல மீன் வாய் திறந்த மாதிரி ஒரு இடைவெளி, அதுல துளி வெள்ளை.

கண்ணாடியைக் கையில கொடுத்ததும் பார்த்தேன். ரெண்டு கண்ணும் ஒண்ணா இருந்துச்சு. என் வாழ்க்கையில முதல் தடவையா.

ரொம்பக் கிட்ட வெச்சுப் பார்த்தா ரெண்டு கோடும் வேற வேறன்னு தெரியும், ஒரு கை தூரத்துக்குப் போனா தெரியாது, மேடைக்கும் கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கும் நடுவுல இருக்கிற தூரத்துக்கு சுத்தமா தெரியாது. மேடைக் கண்ணுன்னாலே கடைசி வரிசைக்காக வரையிறதுதானே. கை போற இடத்துக்கு கண்ணும் போகணும்னு சொல்லிச் சொல்லிப் பழக்குறாங்க, அந்தக் கண்ணு எங்க போகுதுன்னு பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியலன்னா ஆடுறதுல பாதி வீண். கேரளாவுல கதகளிக்காரங்க இன்னும் ஒரு படி மேல, கண்ணைச் சுத்தி கருப்பை அகலமா தீட்டி நெத்தி ஓரம் வரைக்கும் இழுக்கிறது போக, சுண்டப்பூன்னு ஒரு செடியோட பிஞ்சைக் கசக்கி கண்ணுக்குள்ள வெச்சு வெள்ளை விழியையே சிவப்பாக்கிக்குவாங்க. பச்சை வேஷத்துக்கு அந்தச் சிவந்த கண்ணு எப்படி எடுப்பா தெரியும்னு நேர்ல பார்த்தவங்களுக்குப் புரியும்.

சரி, மாமா செஞ்சது ஏன் வேலை செய்யுதுன்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது, அதுவும் ஒரு கெட்ட அனுபவத்துக்கு அப்புறம். என் கல்யாணத்துக்கு ஒரு பார்லர்ல புக் பண்ணியிருந்தோம். நல்ல காசு. அந்தப் பொண்ணு கை சுத்தம், கோடு போட்டா அப்படியே ஸ்கேல் வெச்ச மாதிரி, என்னைக் கண்ணை மூடச் சொல்லிட்டு ரெண்டு பக்கமும் அச்சு அசல் ஒரே அளவுல ஐலைனர், ஒரே அளவுல விங் (கண்ணு ஓரத்துல காது பக்கமா நீட்டி விடுற வால்), மினுமினு ஐஷேடோ. கண்ணை மூடி இருக்கிற வரைக்கும் ரெண்டும் ஒண்ணு. திறந்தேன், வலது கண்ணு இன்னும் பெருசா, இடது கண்ணு இன்னும் சின்னதா, விங் ஒண்ணு மேல பார்த்துட்டு ஒண்ணு தொங்கிட்டு. "அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் மாத்திப் போட முடியுமா"ன்னு கேட்டேன், "ரெண்டும் சமமாத்தான் இருக்கு மேடம், அளந்து போட்டிருக்கேன்"னாங்க. முகூர்த்தத்துக்கு நேரம் ஆயிடுச்சு, விட்டுட்டேன். அந்த ஆல்பத்தை நான் இன்னைக்கு வரைக்கும் முழுசா புரட்டினது இல்ல, அது இன்னும் வலிக்குது, அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அந்தப் பொண்ணு பொய் சொல்லல. கோடு சமமாத்தான் இருந்துச்சு. ஆனா கோடு சமமா இருந்து யாருக்கு என்ன லாபம், கண்ணு சமமா தெரியணும். சமமா இல்லாத ரெண்டு கண்ணுல சமமான கோடு போட்டா வித்தியாசம் அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் எடுப்பாவும் தெரியும். இது என்னை மாதிரி இமை இறங்கினவங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு பேப்பரால ஒரு பக்கத்தை மறைச்சு மாத்தி மாத்திப் பாருங்க, யாருக்குமே ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்காது, ஒண்ணு கொஞ்சம் நீளம், ஒண்ணு கொஞ்சம் உயரம், ஒரு இமை மடிப்பு மேல, ஒண்ணு கீழ.

இன்னொண்ணு, மூடின கண்ணுல வரையவே கூடாது. மூடின கண்ணு ஒரு வழவழப்பான பேப்பர் மாதிரி, எங்க வேணா கோடு போடலாம், ஆனா உங்ககிட்ட பேசுறவங்க பாக்குறது திறந்த கண்ணைத்தான். திறந்ததும் அந்தப் பேப்பர் மடிஞ்சுடும், எவ்வளவு மடியும்னு ஒவ்வொருத்தருக்கும் வேற. அதனால நேரா பார்த்து, கண்ணு திறந்தபடியே எங்கெங்க கோடு வரணுமோ அங்க மூணு புள்ளி வெச்சிடுவேன், கருவிழிக்கு மேல ஒண்ணு, காதுப் பக்க மூலையில ஒண்ணு, விங் முடியிற இடத்துல ஒண்ணு. அப்புறம் இமையைப் பாதி இறக்கி அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பேன். கோலத்துக்குப் புள்ளி வெச்சு இழுக்கிற மாதிரியே. முழங்கையை டேபிள்ல ஊனிக்கணும், சுண்டு விரலைக் கன்னத்துல வெச்சுக்கணும், காதுப் பக்கம் தோலை இழுத்துப் பிடிச்சிட்டு மட்டும் போடாதீங்க, விட்டதும் கோடு சுருங்கி நெளிஞ்சிடும்.

அப்புறம் புருவம். இமை இறங்கினவங்க, வயசாகி இமைத் தோல் தளர்ந்தவங்க, எல்லாரும் தெரியாமலே நெத்தியால புருவத்தைத் தூக்கிப் பிடிச்சிட்டு இருப்போம், இமை தூக்க முடியாததை நெத்தி சேர்த்துத் தூக்குது. என் இடது புருவம் எப்பவும் வலதை விட மேல இருக்கும், காரணம் அதுதான். கண்ணாடியைப் பார்த்ததும் இன்னும் தூக்கிடுவோம். அப்படித் தூக்கிட்டே வரைஞ்சா கீழ எறங்கினதும் வரைஞ்ச கோடெல்லாம் மடிப்புக்குள்ள போயிடும். நெத்தியைத் தளர்த்தி, வாயை லேசா திறந்து, மூச்சை விட்டுட்டுப் பாருங்க, அதுதான் உங்க நிஜமான கண்ணு, அதுக்குத்தான் வரையணும். நான் புருவத்துக்கு த்ரெடிங் போகும்போது இடது புருவத்துல மேல் ஓரத்துல ரெண்டு வரிசை, வலது புருவத்துல கீழ் ஓரத்துல ரெண்டு வரிசை எடுக்கச் சொல்வேன். மேல இருந்து எடுக்கக் கூடாதுன்னு முதல்ல ஒத்துக்க மாட்டாங்க, விளக்கிச் சொன்னா எடுத்துடுவாங்க.

மை போடுறதைப் பழைய தமிழ்ல கண் எழுதுறதுன்னுதான் சொல்லியிருக்காங்க, எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும், எழுதுறதுன்னா கை பழகணும் இல்லையா. குறள்ல 1285ஆவது குறள் இதைப் பத்தித்தான். மை எழுதும்போது கண்ணுக்கு மை தீட்டுற கோல் தெரியாது, அதே மாதிரி என் புருஷனை நேர்ல பார்த்ததும் அவரோட தப்பெல்லாம் எனக்குத் தெரிய மாட்டேங்குதுன்னு ஒரு பொண்ணு சொல்றா. தானே மை எழுதிப் பழகினவங்களுக்குத்தான் இந்த உவமையோட ருசி தெரியும். அதுவும் என்னை மாதிரி மைனஸ் பவர் கண்ணாடி போடுறவங்களுக்கு, கண்ணாடியைக் கழட்டினா கோல் மட்டும் இல்ல கண்ணே தெரியாது. பெருசாக்கிக் காட்டுற முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, மைனஸ் பவர் கண்ணாடி கண்ணைச் சின்னதாக் காட்டும், ப்ளஸ் பவர் பெருசாக் காட்டும். அதனால மைனஸ்காரங்க கோட்டை வழக்கத்தை விட ஒரு மடங்கு தடிமனா போட்டாத்தான் வெளிய தெரியும், ப்ளஸ்காரங்க கோடு நெளிஞ்சா அந்த நெளிசலும் பெருசாத் தெரியும், அவங்களுக்கு கோட்டை விட லேசா தேய்ச்சு விட்ட ஷேடோதான் நல்லது.

மூளை ஏன் ஏமாறுதுன்னா, கருப்புக் கோடு இமை முடியோட சேர்ந்துடுது, சேர்ந்ததும் அந்தக் கோட்டையும் கண்ணோட கணக்குல சேர்த்துடுறோம், கண்ணு எங்க முடியுது மை எங்க தொடங்குதுன்னு பிரிச்சுப் பாக்குறதில்ல. 1889-ல முல்லர் லையர்னு ஒரு ஜெர்மன்காரர் காட்டினது ஸ்கூல் புக்லயே பார்த்திருப்பீங்க, ஒரே நீளத்துல ரெண்டு கோடு, ஒண்ணோட முனைகள்ல சின்னக் கோடுகள் வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும், இன்னொண்ணுல உள்பக்கமா மடங்கியிருக்கும், வெளிப்பக்கம் விரிஞ்சது நீளமா தெரியும். விங் போட்டா கண்ணு நீளமா தெரியறதும் இதோட சொந்தக்கார விஷயம்தான். ஜப்பான்ல ஒசாகா பல்கலைக்கழகத்துல மொரிகாவான்னு ஒரு உளவியல் பேராசிரியர் இதையே ஆராய்ச்சியா பண்ணி, ஐலைனர், மஸ்காரா, ஐஷேடோ ஒவ்வொண்ணும் கண்ணைப் பெருசாக் காட்டுதுன்னு அளந்து 2015-ல எழுதியிருக்காங்க. புருவம் கண்ணுக்குக் கிட்ட இருந்தாலும் கண்ணு பெருசா தெரியுமாம். அதைப் படிச்சதும்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சது, காலேஜ் படிக்கும்போது புருவத்தைக் கீழ இருந்து எடுத்து எடுத்து நூல் மாதிரி வெச்சிருந்த மூணு வருஷமும் கண்ணு ஏன் அவ்வளவு சின்னதா இருந்துச்சுன்னு.

இப்போ நான் தினமும் ஆபீஸ் போகும்போது போடுறது இதுதான். இடது கண்ணுக்கு ஜெல் பென்சில், கருவிழிக்கு நேர் மேல தடிமன், மூக்குப் பக்கம் ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சு காதுப் பக்கம் போகும்போது திரும்ப மெல்லிசு. இமை முடியை கர்லரால சுருட்டுறது இடது பக்கம் ரெண்டு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. மஸ்காரா இடது பக்கம் நடு முடிகளுக்கு மட்டும் ரெண்டாவது கோட்டிங். கீழ் இமையில பழுப்பு ஷேடோவை முடிக்கு ஒரு நூல் அளவு கீழ தேய்ச்சு விடுவேன். கீழ் இமையோட உள் விளிம்புல, வாட்டர்லைன்னு சொல்றாங்களே, அதுல தோல் நிற பென்சில், அது மட்டும் தினமும் இல்ல, எப்பவாவது. வலது கண்ணுக்கு மெல்லிசா ஒரு கோடு, அவ்வளவுதான், அதைச் சும்மா விடுறதுதான் அதுக்கு மேக்கப். வலது கண்ணையும் அழகாக்கணும்னு ஆசைப்பட்டு ஏதாவது கூடுதலா போட்டா போச்சு, இடது திரும்பவும் தோத்துடும். அஞ்சு நிமிஷ வேலை.

தோல் நிற பென்சில்னு சொன்னேன் இல்ல, கடையில அப்படிச் சொல்லி விக்கிறதுல பாதி யாரோ வெளுத்த தோல்காரங்க நிறம், நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் அது சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கும். கொஞ்சம் பீச் கலந்தது, இல்ல வெளிர் பழுப்பு எடுங்க. இன்னொண்ணு, நம்மள்ல நெறைய பேருக்கு இமையே கருத்துத்தான் இருக்கும், அதை மறைக்கணும்னு கன்சீலரை அப்பி அப்பி சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. காசு கொடுத்து பழுப்பு ஐஷேடோ வாங்கிப் போடுற இடத்துல இயற்கையே போட்டு விட்டிருக்கு, அதோட ஓரத்தை மட்டும் சுத்தம் பண்ணுங்க, காதுப் பக்கம் அந்தக் கருமையைக் கொஞ்சம் மேல் நோக்கித் தூக்கி விடுங்க, நடு இமையில லேசா ஒரு செம்பு நிற மினுக்கு, அவ்வளவு அழகா இருக்கும்.

வீட்டுல மத்தவங்களுக்கும் போட்டுப் போட்டுத்தான் கத்துக்கிட்டேன். அக்காவுக்கு நல்ல உருண்டைக் கண்ணு, கொஞ்சம் வெளிய தள்ளினாப்புல. அவளுக்கு நடுவுல தடிமனா போட்டா பயமுறுத்துற மாதிரி ஆயிடும், அதனால மூக்குப் பக்கத்துல இருந்து ஒரே சீரா போய் கடைசி மூணுல ஒரு பங்குல மட்டும் தடிமனாக்கி நீட்டி விடணும், இமை மேல மினுக்கு வேண்டாம், மேட் பழுப்பு போதும், வாட்டர்லைன்ல கருப்புக் காஜல் போடலாம், அது கண்ணை உள்ள இழுத்துக் காட்டும். அதே கருப்புக் காஜலை சின்னக் கண்ணுக்காரங்க உள் விளிம்பு முழுக்க இழுத்தா கண்ணு இன்னும் சின்னதாயிடும், நம்ம ஊர்ல எல்லாரும் செய்யுறது இதுதான், கண்ணு பெருசா தெரியணும்னு காஜலை இழுத்து இழுத்துப் போடுறோம், அது பெரிய கண்ணுக்குத்தான் பொருந்தும்.

என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு ரெண்டு கண்ணும் கிட்டக் கிட்ட இருக்கும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஒரு கண்ணு வெக்கிற அளவு இடம் இருக்கணும்னு படம் வரையிறவங்க ஒரு கணக்கு சொல்வாங்க, அதை விடக் குறைஞ்சா கிட்ட, கூடினா எட்ட. அவளுக்கு மூக்குப் பக்க மூலையில கருப்பே வரக்கூடாது, கண்ணு பாதியில இருந்துதான் கோடு ஆரம்பிக்கணும், அந்த மூலையில வெளிர் நிறம் ஒரு பொட்டு. எட்டக் கண்ணுக்காரங்க நேர் எதிரா மூலையில இருந்தே ஆரம்பிக்கணும்.

ரொம்பக் கஷ்டம் எங்க அத்தைக்குப் போட்டதுதான். அறுபது கிட்ட வயசு, புருவத்துக்குக் கீழ இருக்கிற தோல் மடிஞ்சு இமை மேல விழுந்து, இமையே தெரியாது, ஹூடட் ஐன்னு சொல்றது. மணிவிழாவுக்கு மாமா பக்கத்துல உக்காரணும், போட்டோல கண்ணு தெரியணும்டின்னு கேட்டாங்க. இதுக்கு இமையில என்ன போட்டாலும் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். அதனால மடிப்பை விட்டுட்டு, அவங்க நேரா பாக்கும்போது மடிப்புக்கு ஒரு அரிசி அளவு மேல, புதுசா ஒரு மடிப்பு இருக்கிற மாதிரி மேட் பழுப்பால நிழல் போட்டேன். காதுப் பக்கம் விங் வரையும்போது கண்ணைத் திறந்தபடியே தோல் மடிப்பு மேலயே நேரா இழுத்துட்டேன். கண்ணை மூடினா அந்தக் கோடு நடுவுல உடைஞ்சு வௌவால் சிறகு மாதிரி ஒரு பள்ளத்தோட இருக்கும், பார்த்தவங்க தப்பாப் போட்டிருக்கேன்னாங்க, திறந்தா நேர் கோடு. வாட்டர்ப்ரூஃப்தான் போடணும், இல்லன்னா மடிப்புத் தோல்ல அச்சு விழுந்துடும். கீழ் கோடு காதுப் பக்க மூலை வரைக்கும் போகவே கூடாது, கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடணும், இல்லன்னா மொத்தக் கண்ணையும் கீழ இழுத்துடும். "எனக்கே என்னைத் தெரியலடி"ன்னாங்க அத்தை, சந்தோஷத்துலதான்.

காஜல் பத்திக் கண்டிப்பா சொல்லணும். இமையோட விளிம்புல, முடிக்குப் பின்னாடி, வரிசையா சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளோட வாய் இருக்கு, மேல் இமையில 30 கிட்ட, கீழ கொஞ்சம் கம்மி. கண்ணீர் சீக்கிரம் காஞ்சு போகாம காக்கிறது அந்த எண்ணெய்தான். தினமும் உள் விளிம்புல மை அப்பினா அதெல்லாம் அடைச்சுக்க வாய்ப்பிருக்கு, மை கண்ணீரோட கலந்து உள்ளயும் போகும். லென்ஸ் போடுறவங்களுக்கு இன்னும் தொந்தரவு, லென்ஸைப் போட்டுட்டு அப்புறம்தான் மேக்கப் போடணும். எங்க ஆச்சி வீட்டுலயே மை எடுப்பாங்க, கரிசலாங்கண்ணிச் சாத்துல வெள்ளைத் துணியை நனைச்சுக் காய வெச்சு, திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊத்தி எரிச்சு, மேல ஒரு பித்தளைத் தட்டைக் கவுத்து, அதுல படியிற கரியை வழிச்சு விளக்கெண்ணெய்ல குழைப்பாங்க, அந்த வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதுல குளுமை இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்வோம், ஆனா கரித்தூள் கரித்தூள்தான், கைக்குழந்தைக்குக் கண்ணுக்குள்ள போட வேண்டாம்னு டாக்டருங்க சொல்றதை நான் கேக்குறேன். கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்சா போதும். வெளிநாட்டுல இருந்து யாராவது கல் சுர்மா கொண்டு வந்து கொடுத்தா வாங்கி வெச்சுக்கோங்க, கண்ணுல போடாதீங்க, அது நெறைய இடத்துல ஈயக் கல்லைப் பொடிச்சுச் செய்யுறது. மெட்ராஸ் ஐ வந்துட்டுப் போனா பென்சில், மஸ்காரா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க, எவ்வளவு விலையா இருந்தாலும். அக்கா தங்கச்சியா இருந்தாலும் ஒரே காஜலைப் பகிர வேண்டாம்.

வெயிலுக்கு ஒரு வழி, பென்சில் கோடு போட்டதும் அது மேலயே கருப்பு மேட் ஷேடோவை சின்ன ப்ரஷ்ஷால அமுக்கி விடுங்க, மே மாசக் கத்திரியிலயும் மத்தியானம் வரைக்கும் நிக்கும்.

ஒரு விஷயம் மட்டும் தனியா. பிறந்ததுல இருந்து இருக்கிற வித்தியாசத்தை மேக்கப்ல சரி பண்ணலாம். ஆனா நேத்து வரைக்கும் நல்லா இருந்த இமை திடீர்னு இறங்கினா, கூடவே ரெட்டை ரெட்டையா தெரிஞ்சா, இல்ல ஒரு பாப்பா மட்டும் பெருசா இருந்தா, கடும் தலைவலி இருந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

போன மாசம் அக்கா பொண்ணுக்கு சலங்கை பூஜை. அவளுக்கும் இடது கண்ணு. அவ தாத்தாவோட அப்பா கண்ணு நாலாவது தலைமுறைக்கு வந்திருக்கு. மேக்கப்புக்கு வேற ஆள் சொல்லியிருந்தாங்க, கண்ணை மட்டும் நான் போடுறேன்னு அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன். காலையில அஞ்சரை மணி, டியூப் லைட் வெளிச்சம், தலைசாமான் வெச்சு ஜடை இழுத்துக் கட்டினதுல அவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டிட்டு இருக்கு. எதிர்ல உக்காந்து, "நேரா சித்தியைப் பாரு, சிரி, இப்போ சிரிக்காத"ன்னேன். அவ முகம் சுருங்கிச்சு. எனக்கு அந்த முகம் தெரியும். அதனால அன்னைக்கு மேக்கப் மாமா சொல்லாததை நான் சொன்னேன், "உனக்கும் எனக்கும் ஒரே கண்ணுடா, இடது பக்கம் கொஞ்சம் கூட மை வேணும், அவ்வளவுதான்." "உனக்குமா சித்தி?"ன்னு என் முகத்தைப் பிடிச்சுக் கிட்ட இழுத்துப் பார்த்தா. ஒம்பது வருஷமா என்னைப் பாக்குறா, கவனிச்சதே இல்லையாம்.

ராத்திரி ஒம்பதரைக்கு வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சை அவ கண்ணு மேல வெச்சு, தேய்க்காம அப்படியே ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சிருந்தேன். எடுக்கும்போது அவ தூங்கியிருந்தா. பஞ்சுல கோடு அப்படியே வந்திருந்துச்சு, இடது பக்கத்துது தடிமனா, வலது பக்கத்துது நூல் மாதிரி.